நான்காம் இயலுக்கு ஓர் ஒப்பாரி

1

இந்தக் கதை எனக்குப் பருத்தித்துறை பஸ்ஸில் கிடைத்தது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்: "தான் படிச்சுப் பட்டம் வாங்கிறதுக்காக அந்தப் பெட்டையின்ரை பொட்டை அழிச்சுப் போட்டாள்." மற்றவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. அச்சுவேலியில் யாரோ கோழிக்கூடையோடு ஏறினார்கள். அதன் பிறகு எனக்குக் கோழிகள்தான் கேட்டன.

படித்தவள் யார், பொட்டு அழிந்தவள் யார், படிப்புக்கும் பொட்டுக்கும் என்ன தொடர்பு, எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். தெரியாததால் எழுதுகிறேன். கீழே வருகிற மனிதர்களுக்கெல்லாம் நான்தான் பெயர் வைத்தேன். அவர்களை இந்த இக்கட்டில் மாட்டிவிட்டதும் நான்தான். கோபம் வந்தால் என்னோடு கோபித்துக்கொள்ளுங்கள்.

2

எப்படித் தொடங்குவது என்று யோசித்தே ஒரு மழைக்காலம் போய்விட்டது.

முதலில் இப்படி எழுதினேன்: "வல்வெட்டித்துறைக் கடல் அன்று குளம்போலக் கிடந்தது. அலை —"

வெட்டிவிட்டேன். வல்வெட்டித்துறை என்று எழுதியவுடன் பேனா தானாகக் கடற்கரைக்கு ஓடுகிறது. அந்த ஊரில் வீடுகள், கோயில்கள், கடைத்தெரு, சினிமாப் பைத்தியங்கள் எல்லாம் உண்டு. இந்தக் கதையில் கடல் வராது. வரவேண்டியவனை அது வைத்துக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பதே ஒருவருக்கும் தெரியாதபோது, அதை வர்ணித்து என்ன காணப்போகிறோம்.

பிறகு: "தமிழர் வாழ்வில் ஒப்பாரியானது தொன்றுதொட்டு —"

இது என் வசனம் இல்லை. இந்தக் கதையில் வரப்போகிற மீனாம்பிகையின் ஆய்வேட்டில் முதல் இயலின் முதல் வசனம். அவளுடைய மேற்பார்வையாளர் அதைச் சிவப்புப் பேனாவால் வெட்டி, பக்கத்தில் "இது எல்லோருக்கும் தெரியும். உமக்கு மட்டும் தெரிந்தது என்ன?" என்று எழுதியிருந்தார். (என் கதைக்குப் பக்கத்தில் யாராவது அப்படி எழுதினால் நான் தொலைந்தேன்.)

மூன்றாவது தொடக்கம் இணுவிலில், மீனாம்பிகையின் தகப்பன் மார்க்கண்டுவின் வாயிலிருந்து வந்தது. புகையிலைத் தோட்டக்காரர். தோட்டத்தால் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே மனைவிக்குச் சொல்கிறார்:

"ஊரிலை குமர்ப்பிள்ளையள் கலியாணவீடு எங்கை எண்டு பாக்குங்கள். எங்கடை மகள் பேப்பரிலை மரண அறிவித்தல் பாத்துச் செத்தவீடு தேடிப் போறாள்."

இதை வைத்துக்கொள்கிறேன். இந்தக் கதையில் சிரிக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

3

வருடம் 1979. மீனாம்பிகை பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர். முதுகலைமாணிப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறாள். பட்டம் முடிந்தால் வேலை நிரந்தரமாகும். முடியாவிட்டால் அந்தக் கதிரையில் வேறொருவர் வந்து இருப்பார். ஒருமுறை தவணை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள், இன்னொருமுறை கொடுக்கமாட்டார்கள். வீட்டில் மார்க்கண்டு ஒரு மாப்பிள்ளையின் சாதகத்தை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மகள் தோற்கவேண்டும் என்று அந்த மனிதர் நினைக்கவில்லை. களைத்துப்போனால் நல்லது என்று நினைத்தார்.

ஆய்வேட்டின் பொருள் வடகரை ஊர்களின் ஒப்பாரி. தாய்க்குப் பாடுவது, கணவனுக்குப் பாடுவது, பிள்ளைக்குப் பாடுவது என்று மூன்று இயல்கள் எழுதி முடித்துவிட்டாள். தெரியாத செத்தவீடுகளில் பெண்களோடு பெண்ணாக மூலையில் இருந்து, மடியில் துவாய் போட்டு அதன் கீழே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துச் சேர்த்தவை. சில வீடுகளில் உறவுக்காரி என்று நினைத்துக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். அவளும் அழுதிருக்கிறாள். அந்த அழுகை பொய் என்று நான் எழுதமாட்டேன். ஒரு செத்தவீட்டில் நாலு பெண்கள் அழும்போது ஐந்தாவது பெண்ணுக்கு அழுகை வருவதற்கு உறவு தேவையில்லை.

நான்காம் இயல்தான் வரவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்கு, உடல் இல்லாமல், பாடப்படும் ஒப்பாரி. அப்படி ஒன்று உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள். ஓரடி, இரண்டடி சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். செத்தவீடு இல்லாத வீட்டில் ஒப்பாரி சொன்னால் அது சாக ஓர் ஆளைத் தேடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

4

பூரணத்தை இங்கே கொண்டுவரவேண்டும்.

வல்வெட்டித்துறையில் கனகரத்தினத்தின் மனைவி. கனகரத்தினம் மூன்று வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகையில் இன்னும் இரண்டு பேரோடு தோணியில் அக்கரைக்குப் போனவன். தோணியில் என்ன இருந்தது என்று அந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று பேரும் திரும்பவில்லை. தோணியும் இல்லை.

[குறிப்பு: நாகப்பட்டினத்தில் கண்டதாக ஒருவன் சொன்னான். மறியலில் அடைத்து வைத்திருப்பதாக இன்னொருவன். கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக மூன்றாமவன். இந்த மூன்று பேரும் ஒரே தேநீர்க்கடையில் இருப்பவர்கள்.]

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். இதைச் சொல்லாவிட்டால் கதை புரியாது. வீட்டில் கிடந்து செத்தவன் செத்தவன்தான். கடலுக்குப் போய் வராதவன் அப்படியில்லை. வீட்டுப் பெண்கள் இனி வரமாட்டான் என்று ஏற்று, வாய்விட்டு ஒப்பாரி சொல்லி அழவேண்டும். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் ஊர் வரும். ஊர் வந்த பிறகுதான் ஐயர், உடலுக்குப் பதிலாகத் தருப்பையில் உரு, கிரியை எல்லாம். அதுவரை அவன் பயணம் போனவன். பொலிசாலோ அரசாங்கக் கச்சேரியாலோ அவனைச் சாகடிக்க முடியாது.

மற்ற இரண்டு வீடுகளும் ஒரு வருடம் பார்த்துவிட்டு அழுதுவிட்டன. பக்கத்து வீட்டு நாகேஸ்வரி அதில் ஒருத்தி. இப்போது வெள்ளைச் சேலையில் இருக்கிறாள். பூரணம் அழவில்லை. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி, வெள்ளிக்கிழமையில் தலைமுழுக்கு, எல்லாம் இருந்தபடி இருந்தன. அவளுடைய மாமி சிவக்கொழுந்துதான் அந்தத் தெருவில் ஒப்பாரி சொல்வதில் முதலாள். மற்ற இரண்டு பேருக்கும் முன்னின்று சொன்னவள். தன் மகனுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

ஒரு வீட்டில் இரண்டு பெண்கள். மற்றவள் எந்த நேரம் தொடங்கிவிடுவாளோ என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு மூன்று வருடம். இதைவிடக் கொடுமையான சீவியம் எனக்குக் கற்பனையில் வரவில்லை.

மீனாம்பிகை சிவக்கொழுந்தைத் தேடித்தான் முதலில் போனாள்.

"செத்தவீட்டுக்கு வா பிள்ளை, அங்கை சொல்லுவன்" என்றாள் சிவக்கொழுந்து. "இஞ்சை சொல்லமாட்டன். இது ஆள் இருக்கிற வீடு."

அதற்குப் பிறகு மீனாம்பிகை மருமகளோடு பழகத் தொடங்கினாள்.

5

மேற்பார்வையாளர் இராசநாயகத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. முதல் வரைவில் அவருக்குச் சுருட்டும் தங்கக்கரைக் கண்ணாடியும் கொடுத்து, மாணவியைப் பிழிந்தெடுக்கிற கொடியவனாக்கி வைத்திருந்தேன். எழுத எழுத அந்தாள் அதற்கு ஒத்துவரவில்லை. கொடுத்த பக்கங்களை முழுக்க வாசிக்கிற மனிதர். பிழை கண்டால் ஏன் பிழை என்று சொல்வார். தேநீர் வரவழைத்துக் கொடுப்பார். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நாலாம் இயல் இல்லையெண்டால் மற்ற மூண்டையும் ஆரும் எழுதலாம், மீனாம்பிகை. ஒரு பாட்டாவது முழுசா வேணும். பாடினது ஆர், இறந்தது ஆர், என்ன சூழல், எல்லாம் வேணும்."

"கிடைக்காட்டி, சேர்?"

"தலைப்பை மாத்திப் புதிசாப் பதியலாம். ஆனால் உம்மடை வேலைக்கு அதுவரைக்கும் நான் ஒண்டும் சொல்லேலாது. அது என்ரை கையிலை இல்லை."

இதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு கெட்டவன் கிடைத்திருந்தால் கதை எவ்வளவு சுகமாகப் போயிருக்கும்.

6

சிவக்கொழுந்து வெள்ளிக்கிழமைகளில் சந்நிதி முருகனிடம் போவாள். போனால் மத்தியானப் பூசை பார்த்து, மடத்தில் சாப்பிட்டுத்தான் திரும்புவாள். மீனாம்பிகை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். இது தற்செயல் என்று எழுத ஆசைதான். ஆனால் —

தற்செயல் இல்லை.

"மாமி சொல்லேக்கை நீங்கள் பக்கத்திலை இருந்து கேட்டிருப்பியள்தானே அக்கா. அதை அப்பிடியே சொன்னால் காணும், அது போதும். அழத் தேவையில்லை. ஆரையும் நினைக்கத் தேவையில்லை."

"நினைக்காமல் சொன்னால் அது ஒப்பாரியோ?" என்றாள் பூரணம்.

"பாட்டுத்தான். எனக்கு அந்தப் பாட்டுக் காணும்."

பூரணம் ஏன் சம்மதித்தாள்? இந்த இடத்தில்தான் நான் அதிகம் கிறுக்கி அழித்தேன். கெஞ்சலுக்கு இரங்குகிறவள் இல்லை. பட்டம், வேலை என்று மீனாம்பிகை சொன்னது அவளுக்குப் பாதிதான் விளங்கியது. கடைசியில் எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. ஊரில் எல்லோரும் கனகரத்தினத்தைப் பற்றி, "அவன் நல்ல பெடியன், என்ன அருமையாய்க் கதைப்பான்" என்று முடிந்துபோனவனைப் போலப் பேசினார்கள். மீனாம்பிகை மட்டும் முதல் நாளே, மரியாதைக்காகத்தான், "அவருக்கு இப்ப என்ன வயசு?" என்று கேட்டாள். அந்த "இப்ப"வுக்காகப் பூரணம் எதையும் செய்திருப்பாள்.

முற்றத்துக் கதவைச் சாத்தினார்கள். யன்னல்களையும் சாத்தினார்கள். பாயில் எதிரெதிரே இருந்தார்கள். மீனாம்பிகை கருவியை நடுவில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

முதல் இரண்டு அடியும் மாமியின் பாட்டு. பூரணம் சுவரைப் பார்த்துக்கொண்டு, கணக்கு வாய்ப்பாடு ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னாள். மூன்றாவது அடியில் விளிக்கவேண்டிய இடம் வந்தது. யாரையாவது கூப்பிடாமல் ஒப்பாரி நகராது. அவள் நிறுத்தினாள்.  பிறகு "என்ரை ராசா" என்றாள்.

அந்த மூன்றாவது அடி மாமியுடையதும் இல்லை, வேறு யாருடையதும் இல்லை.

மூன்று வருடம் அடைத்து வைத்திருந்தது. முடி அவிழ்ந்து விழுந்தது. கைகள் தாமாகவே மார்புக்குப் போயின. சாத்திய கதவும் யன்னலும் அந்தக் குரலுக்கு ஒரு தடையே இல்லை.  மீனாம்பிகையின் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் குனிந்து கருவியைப் பார்த்தாள். நிறுத்துவதற்காக அல்ல, ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக.

ஓடிக்கொண்டிருந்தது.

7

இங்கே அந்த ஒப்பாரி வரவேண்டும். வாசகர் எதிர்பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

எழுதினேன். நல்ல அடிகள், நானே மெச்சிக்கொண்டேன். ஓசை சரியா என்று பார்க்க வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த என் மனைவி திருவலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஆரப்பா? ஆர் செத்தது?"

கடதாசியைக் கிழித்துவிட்டேன். அந்தப் பாட்டு இந்தக் கதையில் இல்லை. மீனாம்பிகையின் நான்காம் இயலில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

8

முதலில் வந்தது நாகேஸ்வரி. வேலிப் பொட்டின் இடைவெளியால் புகுந்து, கதவைத் தள்ளித் திறந்து, ஒன்றும் கேட்காமல் பூரணத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எடுத்த எடுப்பில் அழத் தொடங்கினாள். பிறகு பின்வீட்டுப் பெண்கள். பிறகு கோயில் பக்கத்தில் இருந்து. வந்தவர்கள் வந்த வேகத்தில் வட்டத்தில் இருந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தலை முட்ட அழுதார்கள். பூரணம் இவ்வளவு நாளும் அழவில்லை. இப்போது அழுகிறாள். செய்தி வந்துவிட்டது. அப்படித்தான் அவர்கள் நினைத்தார்கள், வேறெப்படி நினைப்பது?

மீனாம்பிகை ஒவ்வொருத்தியாகப் பிடித்துச் சொன்னாள். "செய்தி ஒண்டும் வரேல்லை. நான்தான் கேட்டனான். இந்த ரேப் மிசினிலை குரல் பிடிக்கிறதுக்குச் சும்மா சொன்னவ."

நாகேஸ்வரி மூக்கைச் சிந்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரேப்புக்கு ஆரும் இப்பிடி அழுவினமோ, பிள்ளை?"

மீனாம்பிகை அடுத்தவளிடம் போய் அதையே சொன்னாள். 

மத்தியானம் கழிந்து சிவக்கொழுந்து வந்தாள். கையில் திருநீறும் மடத்துச் சோற்றுப் பார்சலும். வாசல் படலையடியிலேயே முற்றம் நிறையப் பெண்களைக் கண்டாள். உள்ளே மருமகளின் குரலைக் கேட்டாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பார்சலைப் படலைத் தூணடியில் மெல்ல வைத்தாள். மண்ணில் இருந்தாள். பிறகு அந்தத் தெரு அதுவரை கேட்டிராத ஒப்பாரியை, தன் சொந்த மகனுக்குச் சொல்லத் தொடங்கினாள்.

ஒலிநாடா அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. மீனாம்பிகை புது நாடா மாற்றவில்லை. அவளைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்லது இது ஒன்று.

9

பொழுதுபடுவதற்குள் உண்மை ஊருக்குத் தெரிந்துவிட்டது. செய்தி வரவில்லை. யாரும் சாகவில்லை. அல்லது செத்தது யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்த வீட்டில் அழுத அத்தனை பெண்களும் அவரவர் கிணற்றில் தலைமுழுகிவிட்டார்கள். சாவுத் தீட்டை, துடக்கை, கழித்தாயிற்று. இல்லாத சாவுக்கு எப்படித் துடக்குக் கழிப்பது? கழித்ததால் சாவு உண்டு. ஊர்ப் பெரியவர்கள் ஆழ்வாப்பிள்ளை வீட்டு விறாந்தையில் கூடி இப்படித்தான் கதைத்தார்கள். அவர் கோயில் தர்மகர்த்தா, பொல்லாதவர் இல்லை. "தாயும் அழுதிட்டா, பெண்சாதியும் அழுதிட்டாள். இதுக்கு மேலை நாங்கள் என்னத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறது?" என்றார். பெரும்பாலானோருக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல்கூட. மூன்று வருடம் ஒரு வீட்டை நல்லதுக்கும் கூப்பிட முடியாமல், கெட்டதுக்கும் கூப்பிட முடியாமல் அவர்களும் திண்டாடிப்போயிருந்தார்கள்.

தருப்பையில் உருச் செய்தார்கள். தாலிக்கொடியைக் கழற்றி அந்த உருவின் மேல் வைக்கச் சொன்னார்கள். குங்குமத்தை நாகேஸ்வரிதான் அழித்துவிட்டாள்; அழித்துவிட்டு அவள்தான் அதிகம் அழுதாள். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை. பூரணம் அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தாள். 

மீனாம்பிகை அந்தியேட்டிக்குப் போகவில்லை. போனாள் என்று ஒரு வரைவில் எழுதினேன். கேணிக்கட்டில் நின்று அவள் கண்ணீர் —

இல்லை. போகவில்லை. அந்த நாட்களில் அவள் நான்காம் இயலை எழுதிக்கொண்டிருந்தாள்.

10

இனி வாசகர்கள் மீனாம்பிகையை வெறுப்பார்கள். வெறுக்கலாம். ஆனால் அவளோடு கொஞ்சம் இருந்து பாருங்கள்.

பாட்டைப் படியெடுக்க நாடாவை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிக் கேட்டாள். ஒவ்வொருமுறையும் நடுவில் நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவந்தாள். பாட்டை எறிந்துவிட்டால் பூரணத்தின் தாலி திரும்பி வரப்போவதில்லை. எறியாவிட்டால் இயல் மிஞ்சும். இப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். நானும் அவள் நிலையில் இருந்தால் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். பிழையான காரியத்தின் பயனை வீணாக்காமல் இருப்பதும் ஒரு ஒழுங்கு என்று படித்தவர்களுக்குத் தோன்றும்.

இராசநாயகம் இயலை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஒண்டு போதும். இதை இதுக்கு முன்னம் ஆரும் பதியேல்லை." பிறகு, "அந்தப் பிள்ளை எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார்.

"இருக்கிறா, சேர்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பாட்டுக்கு அவள் போட்ட தலைப்பு, "கணவனை இழந்த மனைவி பாடியது." ஆய்வேடு தட்டச்சாகி, கட்டப்பட்டு, வெளியூர்ப் பரீட்சகருக்குப் போனது. வாய்மொழிப் பரீட்சைக்குத் திகதி வந்தது.

11

பரீட்சையன்று காலை மீனாம்பிகை திணைக்களத்துக்கு வந்தபோது, விறாந்தையில் கிடந்த நீள வாங்கில் பூரணம் இருந்தாள். வெள்ளைச் சேலை. தனியாக, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கணவன் செத்து வருடம் திரும்பாத பெண் இப்படி வெளியில் வரக்கூடாது. அவளுக்கும் அது தெரியும்.

[குறிப்பு: இந்த அத்தியாயத்தை நான் திட்டமிடவில்லை. பரீட்சையை எழுதத்தான் இருந்தேன். இவள் வந்து இருந்துவிட்டாள்.]

"இண்டைக்குச் சோதினையாம் எண்டு கேள்விப்பட்டனான்" என்றாள். "அண்டைக்குப் பிடிச்ச ரேப் இருக்கோ?"

"இருக்கு, அக்கா."

"போட்டுக் காட்டும். நான் அண்டைக்கு என்ன சொன்னனான் எண்டு எனக்கு ஞாபகம் இல்லை."

மீனாம்பிகை அலுமாரியைத் திறந்து கருவியை எடுத்தாள். கதவைச் சாத்தி, ஒலியைக் குறைத்து ஓடவிட்டாள். பூரணம் கருவிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, அசையாமல், முகம் மாறாமல் முடியும்வரை கேட்டாள். அந்தப் பாட்டு ஒவ்வோர் எழுத்தும் மீனாம்பிகைக்கு மனப்பாடம். ஆனால் பூரணத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டது அன்றுதான் முதல்முறை. 

நாடா முடிந்தது.

"செத்துப்போனியள் எண்டு நான் ஒரு இடத்திலையும் சொல்லேல்லை" என்றாள் பூரணம். "வாங்கோ எண்டுதான் சொல்லியிருக்கிறன். வாங்கோ, சோறு ஆறுது வாங்கோ எண்டு. முழுக்க அதுதான்."

"ஓம், அக்கா."

"நீர் எழுதேக்கை அதைக் காணேல்லையோ?"

மீனாம்பிகை காணவில்லை. மெட்டைக் கண்டாள், எதுகையைக் கண்டாள், விளிச்சொற்களை எண்ணினாள். ஒப்பாரி என்று தேடிப் போனவளுக்கு அது ஒப்பாரியாகத்தான் கேட்டது. ஓடிவந்த பெண்களுக்கும் அப்படித்தான். ஒரு பெண் தன் புருசனை வாய்விட்டுக் கூப்பிட்டாள், எல்லோருமாகச் சேர்ந்து அவனைப் புதைத்துவிட்டார்கள்.

"புத்தகத்திலை என்னெண்டு போட்டிருக்கிறீர்?"

மீனாம்பிகை பக்கத்தைத் திறந்து தலைப்பை வாசித்தாள். பூரணத்துக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை வாசித்தாள்.

பூரணம் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். "உள்ளை வாற பெரியாக்கள் படிச்சவைதானே. அவையிட்டைக் கேளும். நான் அழுதது செத்த ஆளுக்கோ, வராத ஆளுக்கோ எண்டு கேட்டு வந்து சொல்லும். யூனிவசிற்றியிலை சொன்னால் ஆழ்வாப்பிள்ளை அண்ணையும் கேப்பார். நான் இதிலை இருக்கிறன்."

12

பரீட்சகர் வயதானவர், கடல் தாண்டி வந்திருந்தவர், மெல்லப் பேசுகிறவர். முதல் மூன்று இயல்களையும் பாராட்டினார். பிறகு நான்காம் இயலைத் திறந்தார்.

"ஒப்பாரி என்பது இறந்தவரை விளித்து அழுவது என்று முதல் இயலில் வரைவிலக்கணம் தருகிறீர்கள். இந்தப் பாடலில் இறப்பே இல்லையே, அம்மா. இது எப்படி ஒப்பாரி?"

இராசநாயகம் அவளைப் பார்க்கிறார். பதில் இருக்கிறது, சொல்லும், என்கிற பார்வை.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) "இறப்பு உறுதியானது, ஐயா. ஊர் கூடி அழுதது. கிரியைகள் நடந்தன. இறப்பைச் சொல்லாமல் அழைப்பதே இந்த வகையின் சிறப்பு." அருமையான பதில். பரீட்சகர் தலையாட்டுகிறார். பட்டம், வேலை, கதிரை. வெளியே வந்து, "ஒப்பாரி எண்டுதான் சொல்லினம், அக்கா" என்கிறாள். பூரணம் எழும்பி பஸ்ஸுக்குப் போகிறாள். அவளோடு பஸ் தரிப்பு வரைக்கும் எழுதிக்கொண்டு போனேன். அதற்கு அப்பால் என்னால் போக முடியவில்லை.

(ஆ) "இது ஒப்பாரி அல்ல, ஐயா. நான் பிழையாக எழுதிவிட்டேன்." இயல் விழுகிறது, ஆய்வேடு திரும்புகிறது, தவணை முடிகிறது. மார்க்கண்டு அலுமாரியைத் திறக்கிறார். பூரணம் வழியில் ஒரு கடையில் குங்குமம் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அங்கே சிவக்கொழுந்து இருக்கிறாள். மகனுக்கு அழுது முடித்து, இப்போதுதான் இரண்டு வாய் சோறு தின்னத் தொடங்கியிருக்கிறவள். அவளிடம் போய், அவன் சாகவில்லை, மறுபடி முதலிலிருந்து காத்திரு என்று சொல்லவேண்டும். இதுதான் நல்ல முடிவு என்று எழுதத் தொடங்கினேன். சிவக்கொழுந்தின் முகத்தைக் கண்டதும் பேனாவை வைத்துவிட்டேன்.

(இ) கனகரத்தினம் வருகிறான். ஒரு நண்பர் சொன்ன யோசனை. அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

(ஈ) அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால், இருக்கிறபடியே இருக்கும். அதாவது (அ).

இதற்குமேல் என்னிடம் இல்லை. என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அவள் பதில் சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்று நான் எழுதவில்லை. எழுதினால் ஒரு மனிதனை நான் கொல்லவேண்டும். அல்லது அவனுடைய தாயை இன்னொரு மூன்று வருடம் படலையில் நிறுத்தவேண்டும். கதை எழுதுகிறவன் என்பதற்காக எனக்கு அந்த உரிமையை யார் தந்தது?

அறைக்குள் நாம் எல்லோரும் இருந்தோம். மீனாம்பிகை ஆய்வேட்டை மார்போடு அணைத்தபடி எழும்புகிறாள். இராசநாயகம் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் மூலையில், எழுதாத பக்கத்தோடு. கதவுக்குக் கிட்ட இருக்கிறவர் நீங்கள். ஆகவே நீங்கள்தான் முதலில் வெளியே வருகிறீர்கள்.

பூரணம் வாங்கிலிருந்து எழும்பிவிட்டாள். சேலையை இழுத்துச் சரிசெய்கிறாள். உங்கள் முகத்தையே பார்க்கிறாள்.

"என்னவாம்?" என்று கேட்கிறாள்.